படிக்க ஆள் இருந்தால்தான் அறிக்கை

நவீன அடிமைமுறை பற்றி நிறுவனங்கள் வெளியிடும் ஆண்டறிக்கைகளை எழுதுவது, அவற்றுக்கான தகவலைச் சப்ளையர்களிடமிருந்து திரட்டுவது, திரட்டியதைச் சரிபார்ப்பது என்று ஒரு தனித் தொழிலே இன்று நடக்கிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு வேலை இருந்ததாகவே சொல்ல முடியாது. இப்போது லண்டனிலும் சிட்னியிலும் இதற்கென்று துறைகள் இருக்கின்றன. அங்கிருந்து வரும் கேள்வித்தாள்களை நிரப்ப திருப்பூரிலும் டாக்காவிலும் கம்ப்ளையன்ஸ் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள் நியாயமாகவே ஒரு கேள்வி கேட்பார்கள்: தான் விற்கும் பொருளில் அடிமை உழைப்பு கலந்திருக்கக்கூடும் என்று எந்த நிறுவனமாவது தன் கையாலேயே எழுதிக் கொடுக்குமா? கொடுக்கிறது என்றால் எதற்காக? வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் மூன்று. சட்டம் கட்டாயப்படுத்துகிறது, நிர்வாகத்தில் மனசாட்சி உள்ளவர்கள் இருக்கிறார்கள், வாடிக்கையாளர் கேட்கிறார். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இந்த அறிக்கைகளோடு பழகிப் பழகி நான் வந்து சேர்ந்த முடிவு வேறு. அறிக்கையை வரவழைக்கச் சட்டம் போதும். அதற்குள் உண்மை வரவேண்டுமானால், அதைப் படித்துவிட்டுச் சரக்கையோ கடனையோ ஆர்டரையோ நிறுத்திவைக்கக்கூடிய ஒருவர் மறுமுனையில் இருக்க வேண்டும்.

எதைப் பற்றிய அறிக்கை என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் அதன் கூட்டாளிகளும் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021இல் உலகில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் இருந்தார்கள். அவர்களில் பாலியல் சுரண்டலுக்கு வெளியே தனியார் துறையில் சிக்கியவர்கள் மட்டும் 1.73 கோடி. விலங்கு பூட்டிய அடிமைகளை இங்கே தேடினால் கிடைக்க மாட்டார்கள். வேலை வாங்கித் தந்த ஏஜென்டுக்குக் கட்ட வேண்டிய கடன், முதலாளியின் பீரோவுக்குள் போன பாஸ்போர்ட், பிடித்துவைக்கப்பட்ட சம்பளம், வெளியே விடாத விடுதி, வேலையை விட்டால் போலீஸில் மாட்டிவிடுவேன் என்ற மிரட்டல் ஆகியவைதான் இதன் முகங்கள். தொழிலாளர் அமைப்பு வகுத்துள்ள பதினொரு அறிகுறிகளில் இவை எல்லாம் இருக்கின்றன. பொருளைக் கடையில் விற்கும் நிறுவனத்தின் சொந்த வளாகத்தில் இவை நடப்பது அபூர்வம். மூன்றாம் நான்காம் அடுக்கில், நூற்பாலையில், படகில், தோட்டத்தில், ஏஜென்டின் ஊரில்தான் பெரும்பாலும் நடக்கின்றன. ஆகவே, அறிக்கை எழுத வேண்டிய நிறுவனம் தனக்கு நேரடியாகத் தெரியாத ஒன்றைத் தேடிப் போய்ப் பார்த்து, பார்த்ததை வெளியே சொல்ல வேண்டும். தேடுவதற்குச் செலவாகும், சொல்வதற்குத் துணிவு வேண்டும். இரண்டுக்கும் தூண்டுதல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். கலிபோர்னியா மாநிலம் 2010இல் இயற்றி 2012 முதல் நடைமுறைப்படுத்திய சட்டம் இதற்கு முன்னோடி. ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் ஈட்டும் சில்லறை வணிகர்களும் உற்பத்தியாளர்களும் ஐந்து விஷயங்கள் பற்றித் தங்கள் இணையதளத்தில் சொல்ல வேண்டும் என்றது அது. பிரிட்டன் 2015இல் கொண்டுவந்த நவீன அடிமைமுறைச் சட்டத்தின் 54ஆவது பிரிவு, ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டைத் தொடும் நிறுவனங்களிடம் ஆண்டுதோறும் அறிக்கை கேட்டது. இயக்குநர் குழு ஒப்புதல் தர வேண்டும், ஓர் இயக்குநர் கையெழுத்திட வேண்டும். ஆனால் ‘இந்த ஆண்டு நாங்கள் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் சட்டப்படி கடமை முடிந்தது. எழுதவே இல்லை என்றால் அமைச்சர் நீதிமன்றத்துக்குப் போய் உத்தரவு வாங்கலாம். அந்த அதிகாரம் புத்தகத்திலேயே இருந்தது. 2018இல் உள்துறை அமைச்சகம் சுமார் 17,000 நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதி நினைவூட்ட வேண்டியிருந்தது. 2019இல் ஃபிராங்க் ஃபீல்டு, மரியா மில்லர், பட்லர்-ஸ்லாஸ் ஆகிய மூவர் நடத்திய சுதந்திரமான மறுஆய்வு, எழுத வேண்டிய நிறுவனங்களில் ஏறத்தாழ 40 சதவீதம் சட்டத்துக்கு இணங்கவே இல்லை என்ற மதிப்பீட்டைப் பதிவுசெய்தது. ஆஸ்திரேலியா இதைப் பார்த்துவிட்டு 2018இல் சற்று இறுக்கமாக எழுதியது. ஏழு தலைப்புகள் கட்டாயமாயின, எல்லா அறிக்கைகளும் அரசின் பொதுப் பதிவேட்டில் ஏறின. அபராதத்துக்கு மட்டும் இடமில்லை. 2023இல் ஜான் மெக்மில்லன் செய்த மறுஆய்வு, அடிமை நிலையில் வாழ்பவர்களின் வாழ்க்கையில் இந்தச் சட்டம் பொருட்படுத்தத்தக்க மாற்றம் கொண்டுவந்ததற்கு உறுதியான சான்று இல்லை என்ற முடிவுக்கு வந்தது.

இந்த முடிவு எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு வியப்பைத் தராது. ஓர் அறிக்கை எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் மற்றவர்களுக்கும் தராது. நிதியாண்டு முடியும்போது நிறுவனச் செயலாளர் நாட்காட்டியைப் பார்த்து நினைவூட்டுவார். சென்ற ஆண்டின் கோப்பு திறக்கப்படும். தேதி மாறும், பயிற்சி பெற்ற ஊழியர் எண்ணிக்கை மாறும், புதிதாக வந்த கொள்கை ஆவணம் ஒன்று சேரும். போட்டி நிறுவனங்கள் என்ன எழுதியிருக்கின்றன என்று ஒருவர் பார்ப்பார். அவர்கள் சொல்லாத எதையும் நாமும் சொல்ல வேண்டாம் என்பது எழுதப்படாத விதி. அதனால்தான் ஒரே துறையைச் சேர்ந்த பத்து அறிக்கைகளைப் படித்தால் பெயரை மறைத்துவிட்டு எது யாருடையது என்று சொல்வது கடினம். கொள்முதல் துறை எண்களைத் தரும். விளம்பரத் துறை படங்களைத் தரும். கடைசியில் சட்டத் துறை வந்து ‘கண்டறிந்தோம்’ என்ற இடங்களில் ‘அபாயம் இருக்கக்கூடும்’ என்று மாற்றும், ‘உறுதி செய்வோம்’ என்ற இடங்களில் ‘முயல்வோம்’ என்று மாற்றும். பிறகு இயக்குநர் குழுவின் நிகழ்ச்சி நிரலில் நிதிநிலைக்கும் தணிக்கையாளர் நியமனத்துக்கும் நடுவே சில நிமிடங்கள் கிடைக்கும். கையெழுத்து விழும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் படிக்கப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு தாளை, அதற்கேற்ற அக்கறையோடு தயாரித்திருக்கிறார்கள்.

சட்டத் துறையின் தயக்கத்தை வெறும் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஜாம்பியாவில் செப்புச் சுரங்கத்தால் ஆறு மாசுபட்டது என்று அங்குள்ள கிராமத்தினர் வேதாந்தா நிறுவனத்தின் மீது லண்டனில் தொடுத்த வழக்கில், பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2019இல் ஒரு தீர்ப்பு தந்தது. துணை நிறுவனங்களின் செயல்பாட்டைத் தான் மேற்பார்வையிடுவதாகத் தாய் நிறுவனம் தன் வெளியீடுகளில் சொல்லிக்கொண்டதும், அதற்குப் பொறுப்பு உண்டா என்ற கேள்வியை விசாரணைக்கு எடுத்துக்கொள்ள ஓர் ஆதாரமாகக் கொள்ளப்பட்டது. சுற்றுச்சூழல் வழக்குதான். ஆனால் அறிக்கை எழுதும் எல்லா அலுவலகங்களிலும் அது படிக்கப்பட்டது. அதிகம் சொன்னால் சொன்னதே சாட்சியாகும், குறைவாகச் சொன்னால் கேட்க ஆளில்லை என்ற நிலையில் எந்த வழக்கறிஞரும் குறைவாகச் சொல்லத்தான் அறிவுரை தருவார். தண்டனை இல்லாத வெளிப்படுத்தல் சட்டம் தவறான பக்கத்தில் எடையை ஏற்றிவிடுகிறது. நேர்மையாக எழுதுவதற்கு ஆபத்து, மழுப்புவதற்கு ஆபத்தில்லை. இந்த எடையை மாற்றாமல் இன்னும் நான்கு தலைப்புகளைக் கட்டாயமாக்கினால் மழுப்பல் நான்கு பக்கம் கூடும், அவ்வளவுதான்.

மனசாட்சி என்ன ஆயிற்று என்று கேட்கலாம். அது இருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்குள் இந்த வேலையை உயிரைக் கொடுத்துச் செய்பவர்களைத் தெரியாதவர் இந்தத் தொழிலில் இருக்க முடியாது. அவர்கள் கை எப்போது ஓங்குகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. தானே முன்வந்து உண்மையைச் சொன்னதற்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி காட்டப்படுவது நெஸ்லே 2015 நவம்பரில் வெளியிட்ட ஆய்வு. தாய்லாந்திலிருந்து வாங்கும் கடல் உணவுப் பொருள்களின் விநியோகச் சங்கிலியில் கட்டாய உழைப்பு இருப்பதை, தான் அமர்த்திய வெரிட்டே என்ற அமைப்பு கண்டறிந்ததாக அந்த நிறுவனம் வெளிப்படையாகச் சொன்னது. துணிவான செயல், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முந்தைய பதினெட்டு மாதங்களில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2014 ஜூனில் ‘கார்டியன்’ நாளிதழ் தாய்லாந்து இறால் தொழிலுக்குப் பின்னால் படகுகளில் அடிமைகள் இருப்பதை எழுதியது. அதே மாதம் அமெரிக்கா தன் ஆள்கடத்தல் தரவரிசையில் தாய்லாந்தைக் கடைசிப் படிக்கு இறக்கியது. 2015இல் அசோசியேட்டட் பிரஸ் இந்தோனேசியத் தீவு ஒன்றில் அடைக்கப்பட்டிருந்த மீனவர்களைக் காட்டியது. அந்தத் தொடர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலைக்கு வழிவகுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் தாய்லாந்து மீன்பிடித் துறைக்கு மஞ்சள் அட்டை காட்டியது. நெஸ்லேமீதே கலிபோர்னியாவில் நுகர்வோர் வழக்கு வந்தது. உள்ளே இருந்த நல்லவர்கள் அதற்கு முன்பும் நல்லவர்கள்தான். வெளியே சூடு ஏறியபோதுதான் அவர்கள் சொல்லுக்கு நிர்வாகக் குழுவில் எடை கிடைத்தது. மனசாட்சியை மறுப்பது என் வாதமல்ல. அதற்கு உள்ளே பேச ஒரு காரணத்தை வெளியார் கையில் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

அடுத்தது வாடிக்கையாளர். சட்டங்களை எழுதியவர்கள் பெரிதும் நம்பியது இவரைத்தான். அறிக்கையைப் படித்து, நல்ல நிறுவனத்தில் வாங்கி, கெட்டதைப் புறக்கணிப்பார் என்பது கணக்கு. ஐந்து பவுண்டு சட்டை வாங்க வருபவர் இணையதளத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் இணைப்பை அழுத்திப் பன்னிரண்டு பக்கம் படிப்பார் என்று நம்புவது இந்த உலகத்தை அறியாத நம்பிக்கை. 2020 ஜூலையில் பூஹூ என்ற ஆடை நிறுவனத்துக்கு நடந்ததைப் பார்த்தால் யார் உண்மையில் அசைந்தார்கள் என்பது தெரியும். அந்த நிறுவனமும் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டுவந்ததுதான். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்திலேயே, அதன் ஆடைகளைத் தைத்த பட்டறையில் மணிக்கு மூன்றரை பவுண்டு கூலி தரப்படுவதாக ‘சண்டே டைம்ஸ்’ எழுதியது. அப்போது சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 8.72 பவுண்டு. சில நாள்களில் பங்குச் சந்தையில் அந்த நிறுவனத்தின் மதிப்பு 100 கோடி பவுண்டுக்கு மேல் சரிந்தது. பெரிய முதலீட்டாளர்கள் விலகினார்கள், வேறு விற்பனைத் தளங்கள் அதன் ஆடைகளை நீக்கின. நிறுவனம் மூத்த வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தி ஆய்வு நடத்தி அதை முழுமையாக வெளியிட்டது. சப்ளையர் பட்டியலையும் வெளியிட்டது. ஆண்டறிக்கைகளில் வராத தகவல், பணம் வெளியேறத் தொடங்கியதும் வந்தது.

பணத்துக்கு இருக்கும் இந்தச் செல்வாக்கை முன்கூட்டியே பயன்படுத்தலாம் என்று புரிந்துகொண்ட முதலீட்டாளர்கள் சிலர் உண்டு. பிரிட்டனில் தேவாலயங்கள், அறக்கட்டளைகளின் பணத்தை நிர்வகிக்கும் சி.சி.எல்.ஏ. என்ற நிறுவனம் 2019இல் தொடங்கிய கூட்டு முயற்சியின் பெயரே ‘கண்டுபிடி, சரிசெய், தடு’ என்பது. தங்கள் சங்கிலியில் பிரச்சினை எதுவும் இல்லை என்று சொல்லும் நிறுவனத்தை அவர்கள் பாராட்டுவதில்லை. சரியாகத் தேடவில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். கண்டறிந்ததைச் சொல்லி, பாதிக்கப்பட்டவருக்கு என்ன செய்தோம் என்றும் சொல்லும் நிறுவனத்துக்கு மதிப்பெண் கூடும். அரசுக் கொள்முதலும் இப்படியே. பிரிட்டனில் 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கொள்முதல் சட்டம், தொழிலாளர் சுரண்டலில் சிக்கிய சப்ளையரை டெண்டரிலிருந்து ஒதுக்க வழிவைத்திருக்கிறது. டெண்டரோடு இணைக்கப்படும் அறிக்கையை மறுபக்கத்தில் ஒரு அதிகாரி படித்து மதிப்பெண் போட வேண்டியிருப்பதால், அதை எழுதும் விதமே மாறுகிறது. நார்வே இன்னொரு வழியைக் கண்டது. 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அதன் சட்டப்படி எவர் வேண்டுமானாலும் ஒரு நிறுவனத்திடம் எழுதிக் கேட்கலாம், நிறுவனம் மூன்று வாரத்துக்குள் பதில் தர வேண்டும். அறிக்கையை வெளியிட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாதபடி, கேள்வி கேட்கும் உரிமையையே வாசகருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இருப்பதிலேயே கூர்மையான வாசகர் துறைமுகத்தில் நிற்கும் சுங்க அதிகாரி. அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 307ஆவது பிரிவு கட்டாய உழைப்பில் செய்த பொருளை இறக்குமதி செய்யத் தடை விதித்தாலும், உள்நாட்டுத் தேவைக்குப் போதாத பொருளுக்கு விலக்கு என்ற ஓட்டை பல பத்தாண்டுகள் அதைச் செயலற்றதாக வைத்திருந்தது. 2016இல் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. 2020 ஜூலையில், பெருந்தொற்றின் நடுவே, உலகின் மிகப் பெரிய ரப்பர் கையுறை உற்பத்தியாளரான மலேசியாவின் டாப் குளோவ் நிறுவனத்தின் இரண்டு துணை நிறுவனங்களின் சரக்கை விடுவிக்கக் கூடாது என்று அமெரிக்கச் சுங்கம் ஆணையிட்டது. 2021 மார்ச்சில் பிடி இன்னும் இறுகியது. அந்த நிறுவனம் அதற்கு முன் பல சமூகத் தணிக்கைகளைக் கடந்து வந்ததுதான். நேபாளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் ஏஜென்டுகளுக்குக் கட்டிய பணமே அவர்களைக் கட்டிப்போட்ட கயிறு. தடைக்குப் பிறகு 3 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை தொழிலாளர்களுக்குத் திருப்பித் தரப்பட்டது, விடுதிகள் மாற்றப்பட்டன, 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. சீனாவின் சின்ஜியாங் பகுதிப் பொருள்கள் பற்றி 2021 டிசம்பரில் கையெழுத்தாகி 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. அடிமை உழைப்பு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை இறக்குமதியாளர் தலையில் வைத்தது. முதல் அடுக்குக்கு அப்பால் எங்களுக்குத் தெரியாது என்று ஆண்டுதோறும் எழுதிவந்தவர்கள், அதன் பிறகு நூல் எந்த மில், பஞ்சு எந்த நாடு என்று பேல் வரை ஆவணம் கேட்கத் தொடங்கினார்கள். முன்பும் தெரிந்துகொள்ள முடியாத தகவல் அல்ல அது. கேட்காததற்கு விலை இல்லாமல் இருந்தது.

இந்த வாதத்துக்கு நம் ஊரிலேயே ஒரு நீண்ட சாட்சியம் இருக்கிறது. தென் மாவட்டங்களின் ஏழை வீட்டுப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் நூற்பாலை விடுதிகளில் தங்கவைத்து, காலம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை என்று ஆசை காட்டிய ‘சுமங்கலி’ திட்டம் பற்றி, நெதர்லாந்தைச் சேர்ந்த இரு அமைப்புகள் 2011இல் விரிவான ஆய்வு வெளியிட்டன. ஐரோப்பிய, அமெரிக்க பிராண்டுகளின் பெயர்கள் அதில் இருந்தன. பல பிராண்டுகளின் தணிக்கை அதுவரை தையல் ஃபேக்டரியோடு நின்றிருந்தது. நூற்பாலை அவர்களுடைய பட்டியலிலேயே இல்லை. பெயர் வெளியான பிறகு நூற்பாலை என்ற அடுக்கு அவர்கள் கண்ணுக்குப் பட்டது. கூட்டங்கள் நடந்தன, நெறிமுறைகள் வந்தன, விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014இல் தமிழ்நாடு அரசும் சட்டம் இயற்றியது. ஆனாலும் பையரின் கேள்வித்தாளுக்கு மில் தரும் பதிலை, அந்த மில்லில் வேலை செய்யும் பெண் பார்த்ததே இல்லை. அந்தக் குறையைத் தொட்டது 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம். கைத்தியன்கோட்டையில் உள்ள நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டு, அது தொடர்பாக அவருடைய மேற்பார்வையாளர் கைதான பிறகு, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும் அதற்குத் துணைநின்ற பன்னாட்டு அமைப்புகளும் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸுடனும் ஆடை பிராண்டான எச் அண்ட் எம்முடனும் சட்டப்படி செல்லத்தக்க ஒப்பந்தம் செய்தன. கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகளும் பின்னர் இணைந்தன. தொழிலாளப் பெண்களே தளத்தில் கண்காணிப்பாளர்கள். பாலியல் தொல்லை, சாதிப் பாகுபாடு பற்றிய புகாரை அவர்கள் எழுப்புவார்கள். ஆலை சரிசெய்யாவிட்டால் ஆர்டரைப் பாதிக்கும். அதே ஆண்டு ஜூலை இறுதியில் அமெரிக்கச் சுங்கம் அந்த ஆலையின் சரக்கை நிறுத்தியது. ஆறு வாரத்துக்குள், செப்டம்பர் 7 அன்று, தடை நீங்கியது. நிலைமை மாறியிருப்பதற்குச் சங்கமும் ஒப்பந்தத்தில் இருந்த மற்றவர்களும் தந்த சான்றை அந்த அலுவலகம் ஏற்றுக்கொண்டது. நிறுவனம் தானே எழுதிய எந்த அறிக்கைக்கும் அந்த வேகம் கிடைத்திருக்காது.

இதற்கு வரும் எதிர்வாதங்கள் லேசானவை அல்ல. முதலாவது, துறைமுகத்தில் சரக்கை நிறுத்தினால் முதலில் பட்டினி கிடப்பது அந்தத் தொழிலாளிதான் என்பது. உண்மை. ஆர்டர் போனால் ஷிஃப்ட் குறையும், ஒப்பந்தக்காரரின் ஆட்கள் முதலில் வீட்டுக்குப் போவார்கள். தடையைக் கண்டு பயந்த பையர் பேசாமல் வேறு நாட்டுக்குப் போய்விட்டால், அடிமைமுறையும் ஒழியாது, வேலையும் போய்விடும். ஆனால் மேலே சொன்ன இரண்டு தடைகளையும் பார்த்தால், பயன் எங்கிருந்து வந்தது என்பது தெரியும். தடையோடு கூடவே, இதைச் செய்தால் தடை நீங்கும் என்ற தெளிவான வாசலும் இருந்தது. டாப் குளோவில் ஏஜென்டுகளுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தருவது, திண்டுக்கல்லில் தொழிலாளர் கண்காணிப்பு. வெளியேறும் மிரட்டலைவிடத் தங்கியிருந்து சரிசெய்யும் கடமையைச் சட்டம் வலியுறுத்தினால் இந்த ஆபத்து குறையும். பிரான்ஸ் 2017இல் இயற்றிய கண்காணிப்புக் கடமைச் சட்டம் அந்தத் திசையில்தான் போகிறது. வங்கதேசத்தில் ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்த அதிர்ச்சியில் பிறந்த அந்தச் சட்டம், அபாயத்தைப் பட்டியலிட்டால் போதாது, திட்டம் வேண்டும் என்கிறது. 2023 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் அஞ்சல் நிறுவனமான லா போஸ்ட்டின் திட்டம் போதாது என்று சொல்லித் திருத்த உத்தரவிட்டது. தொழிற்சங்கம் ஒன்று படித்துப் பார்த்து வழக்குப் போட்டதால் கிடைத்த உத்தரவு அது.

இரண்டாவது எதிர்வாதம் சப்ளையர்களுடையது. திருப்பூரில் ஒரு நடுத்தர ஏற்றுமதியாளரிடம் கேட்டால் குறை கொட்டும். ஒவ்வொரு பையருக்கும் ஒரு கேள்வித்தாள், ஒரு தணிக்கை, அதற்கான கட்டணம் அவர் கையிலிருந்து. விலையை ஒவ்வொரு சீசனிலும் குறைப்பவரும், டெலிவரி தேதியை முன்னே இழுப்பவரும், ஓவர்டைம் ஏன் என்று கேட்பவரும் ஒரே பையர்தான். பிரச்சினையைச் சொன்னால் ஆர்டர் போகும் என்ற நிலையில், தணிக்கைக்கு ஒரு வருகைப் பதிவேடு, உண்மைக்கு இன்னொன்று என்று வைத்துக்கொள்வதைத் தவிர அவருக்கு என்ன வழி? தணிக்கைச் சான்று எவ்வளவு தாங்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2012 செப்டம்பரில் கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆலையில் தீப்பிடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, எஸ்.ஏ. 8000 என்ற சர்வதேசச் சான்று அந்த ஆலைக்குக் கிடைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. இந்தக் குறையை நான் முழுதாக ஏற்கிறேன். என் வாதத்தை அது பலவீனப்படுத்தவில்லை, வாசகர் யார் என்ற கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. தணிக்கையைப் பணம் கொடுத்து வாங்குபவரே படிப்பவருமாக இருந்தால் அவர் காதுக்கு இனியதைத்தான் தணிக்கை சொல்லும். பையரின் அறிக்கையில் கேட்கப்பட வேண்டிய முதல் தகவல் அவர் கொடுத்த விலையும் கொடுத்த நாள்களும்தான். இன்றுவரை அதிகம் மழுப்பப்படும் இடமும் அதுவே.

மூன்றாவது, சட்டத்தை இவ்வளவு குறைத்து மதிப்பிடுவது நியாயமா என்பது. குறைந்தபட்சச் சட்டங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. இயக்குநர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்ற ஒற்றை விதி, அதுவரை கொள்முதல் துறையின் மூலையில் கிடந்த விஷயத்தை இயக்குநர் குழுவின் மேசைக்குக் கொண்டுவந்தது. பதிவேடு இருப்பதால்தான் யார் எழுதவில்லை என்று ஆய்வாளர்கள் எண்ண முடிகிறது. பத்திரிகையில் செய்தி வரும் நாளில், சென்ற ஆண்டு என்ன எழுதினாய் என்று எடுத்துக் காட்ட ஒரு தாள் கையில் இருக்கிறது. கனடா 2024 முதல் நடைமுறைப்படுத்தும் சட்டத்தில் இரண்டரை லட்சம் கனடிய டாலர் வரை அபராதம் வைத்திருக்கிறது. எழுதாமல் விடுபவர்களின் எண்ணிக்கையை அது குறைக்கும். ஆனால் அபராதம் எழுதாதவருக்கும் தெரிந்தே பொய் எழுதியவருக்கும்தான். வெறுமையாக எழுதியவரை அது தொடாது. அடித்தளம் போட்டதற்காகச் சட்டத்தைப் பாராட்டலாம், அதை வீடு என்று நம்பிக் குடியேறக் கூடாது.

இப்போது காற்று இரண்டு பக்கமும் அடிக்கிறது. ஜெர்மனி 2023இல் நடைமுறைப்படுத்திய விநியோகச் சங்கிலிச் சட்டத்தின் அறிக்கைக் கடமை தேவையற்ற காகித வேலை என்று அங்குள்ள தொழில் அமைப்புகள் சொல்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய கண்காணிப்புக் கடமை உத்தரவைத் தளர்த்தும் திருத்தங்களை ஐரோப்பிய ஆணையமே 2025இல் முன்வைத்தது. அதே ஒன்றியம் 2024இல் இயற்றிய இன்னொரு சட்டம், கட்டாய உழைப்பில் செய்த பொருள்களுக்கு 2027 டிசம்பர் 14 முதல் தன் சந்தையை மூடுகிறது. காகிதம் குறையலாம், கதவு இறுகப்போகிறது. என் கணிப்பில் இது அறிக்கை எழுதுபவர்கள் வருந்த வேண்டிய செய்தி அல்ல. எவரும் படிக்காத நாற்பது பக்கங்களைவிட, துறைமுக அதிகாரி கேட்கும் நான்கு ஆவணங்கள் தொழிலாளிக்கு அதிகம் செய்யும்: ஏஜென்டுக்கு அவர் எவ்வளவு கட்டினார், பாஸ்போர்ட் யாரிடம், சம்பளம் எந்தத் தேதியில் எந்தக் கணக்கில், விடுதிக் கதவு எந்தப் பக்கம் பூட்டப்படுகிறது. தமிழ்நாட்டின் ஆலைகளில் இன்று ஒடிசா, பிகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் பெருகிவரும் நிலையில், இந்தக் கேள்விகளுக்கு ஆவணத்தோடு பதில் வைத்திருக்கும் ஏற்றுமதியாளருக்கே அந்தக் கதவு திறக்கும். ஆகவே ஓர் அறிக்கையின் தரத்தை அளக்க அதன் நீளத்தையும் வாக்குறுதிகளையும் விட்டுவிட்டு இரண்டே கேள்விகள் கேட்டால் போதும் என்பேன். இது பொய் என்று தெரிந்தால் யாரால் எதை நிறுத்த முடியும்? அது பொய் என்று சொல்லக்கூடிய இடத்தில் இருக்கும் தொழிலாளி, சொன்ன பிறகும் அந்த வேலையில் இருப்பாரா? இரண்டுக்கும் பெயர் சொல்லிப் பதில் தர முடிந்த நிறுவனத்தின் இரண்டு பக்க அறிக்கையை நான் நம்புவேன். தர முடியாத நிறுவனம் எத்தனை பக்கம் எழுதினாலும் அது கையெழுத்துக்காக எழுதப்பட்டது.